ஒரு ‘எஸ்’ படுத்தும் பாடு

ஆங்கில வினைச்சொல்லைக் கண்டால் பிள்ளைகள் மிரள்வது ஏன்? பன்னிரண்டு கட்ட அட்டவணையை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பறை, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் இலக்கணத்தை மறந்துவிடுகிறது.

‘மை ஃபாதர் கோ டு ஆபீஸ்.’ இந்த வாக்கியத்தைத் திருத்தாத ஆங்கில ஆசிரியர் இந்தியாவில் இருக்க முடியாது. திருநெல்வேலியில், பாட்னாவில், குவாஹாத்தியில், மும்பை தாராவியில் என்று எங்கும் சிவப்பு மை ‘கோ’வைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. மேலே ‘கோஸ்’ என்று எழுதப்படுகிறது. மறுநாள் அதே பையன் ‘மை பிரதர்ஸ் கோஸ் டு ஸ்கூல்’ என்று எழுதிக்கொண்டு வருகிறான். மீண்டும் வட்டம். மூன்றாம் நாள் ‘டஸ் ஹீ கோஸ்?’ என்று கேட்கிறான். ஐந்தாம் வகுப்பில் தொடங்கும் இந்த வட்டம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுவரை அவனைத் துரத்துகிறது. அதற்குள் பல பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: எனக்கு இங்கிலீஷ் வராது.

அதே பையன் தமிழில் என்ன செய்கிறான் என்று யாரும் கவனிப்பதில்லை. ‘அப்பா ஆபீசுக்குப் போகிறார். அண்ணன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். நாய் பின்னாலேயே போகிறது.’ எழுவாய் மூன்று, வினையின் முடிவும் மூன்று, ஒன்றும் பிசகவில்லை. தமிழ் வினைமுற்றில் காலம், திணை, பால், எண், இடம் என்று ஐந்து செய்திகள் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. போதாக்குறைக்கு மரியாதை வேறு. அத்தனையையும் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே வாயில் ஏற்றிக்கொண்டவன், ஒற்றை ‘எஸ்’ஸிடம் தோற்றுப்போகிறான். கடினமான பரீட்சையில் தேறியவன் எளிய பரீட்சையில் தோற்கிறான் என்றால், கோளாறு பையனிடம் இருக்க வாய்ப்பில்லை.

இது சில மதிப்பெண்களோடு முடிந்துபோகும் விவகாரமும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறிப்பிட்ட இந்தியர்கள் சுமார் 2.6 லட்சம் பேர்தான். மற்ற அனைவருக்கும் அது வெளியிலிருந்து வந்து சேர வேண்டிய மொழி. வீட்டில் ஆங்கிலப் பத்திரிகையோ ஆங்கிலம் பேசும் உறவினரோ இல்லாத குழந்தைக்கு அது வந்துசேரும் ஒரே வழி வகுப்பறை. 2023-ல் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட ‘அசர்’ ஆய்வில், எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவிகிதம். பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்க வேண்டிய வயதில், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களால் ஒரு சின்ன வாக்கியத்தைப் படிக்க முடியவில்லை. இவர்களில் பலர் வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்முன்பே தங்களைத் தாங்களே நிராகரித்துக்கொள்கிறார்கள்.

பன்னிரண்டு அறைகள் கொண்ட வீடு

இந்தியப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வினை என்றால் ஓர் அட்டவணை. பக்கவாட்டில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்று. மேலே சாதாரணம், தொடர்வினை, முற்றுவினை, முற்றுத்தொடர் என நான்கு. மூன்றும் நான்கும் பெருக்கிப் பன்னிரண்டு கட்டங்கள். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இதை ஒப்பிக்க வேண்டும். 1930களில் வெளியாகி இன்றும் விற்பனையாகும் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக இந்த ஒப்பிப்புக்கு ஆதாரமாக இருந்துவருகிறது. பி.சி. ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர். ‘போ ஜெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற சாகச நாவலை 1924-ல் எழுதியவரும் அவர்தான்.

அட்டவணை பொய் அல்ல. ஆனால், வீட்டின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வாசல் எங்கே என்று சொல்லாமல் விட்டதுபோன்றது அது. நவீன மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் சொல்வடிவம் மாறும் காலங்கள் இரண்டே என்பார்கள்: நிகழ்காலம் ஒன்று, இறந்தகாலம் ஒன்று. ‘கோ’ அல்லது ‘கோஸ்’, ‘வென்ட்’. அவ்வளவுதான். எதிர்காலத்துக்கு ஆங்கில வினையில் விகுதியே கிடையாது. ‘வில்’ என்ற துணைவினையை அழைத்துவந்து ஒப்பேற்றுகிறது. மற்ற கட்டங்கள் எல்லாம் ‘பீ’, ‘ஹாவ்’ என்ற இரண்டு துணைவினைகளைச் சேர்த்துக் கட்டியவை. தமிழில் காலம் காட்டும் இடைநிலைகள் மூன்று காலத்துக்கும் உண்டு என்பதை நன்னூல் படித்தவர்கள் அறிவார்கள்: த், ட், ற், இன் இறந்தகாலத்துக்கு, கிறு, கின்று, ஆநின்று நிகழ்காலத்துக்கு, ப், வ் எதிர்காலத்துக்கு. காலக் கணக்கில் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்துக்கு வரும்போது அதற்குக் குறைவது ஒன்றும் இல்லை. கையில் ஒன்று மிச்சமே இருக்கிறது.

கடைசிப் பெட்டியும் முதல் பெட்டியும்

வாசல் எங்கே இருக்கிறது? ‘அவள் காத்துக்கொண்டிருந்திருக்கலாம்’ என்ற தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காத்து, கொண்டு, இருந்து, இருக்கலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் கோத்திருக்கின்றன. இதன் ஆங்கிலம், ‘ஷீ மே ஹாவ் பீன் வெயிட்டிங்.’ இப்போது ஆங்கிலத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள். ‘வெயிட்டிங்’ என்பது காத்துக்கொண்டு. ‘பீன்’ என்பது இருந்து. ‘ஹாவ்’ என்பது இருக்க. ‘மே’ என்பது லாம். தமிழ் வாக்கியத்தைக் கண்ணாடியில் பார்த்தால் ஆங்கில வாக்கியம் தெரிகிறது. பன்னிரண்டு கட்டங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கண்ணாடிக்குள் அடங்கிவிடும்.

‘வந்துகொண்டிருந்தாள்’ என்பதில் காலத்தையும் ஆளையும் காட்டுவது எது? ‘வந்து’ காட்டவில்லை, ‘கொண்டு’ காட்டவில்லை. இவை வினையெச்சங்கள், யாருக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். வந்துகொண்டிருக்கிறேன், வந்துகொண்டிருப்பார்கள் என்று எப்படி மாற்றினாலும் முன்பகுதி அசையாது. கடைசிச் சொல் மட்டுமே மாறும். ஆங்கிலத்தில் இதுவே தலைகீழ். ‘ஷீ வாஸ் கமிங்’ என்பதில் காலத்தையும் ஆளையும் காட்டும் பொறுப்பு முதல் வினையான ‘வாஸ்’ உடையது. ‘கமிங்’ எச்சம்போல அசையாமல் நிற்கும். தமிழ் ரயிலில் இன்ஜின் கடைசியில் பூட்டியிருக்கிறது. ஆங்கில ரயிலில் முதலில். ஆனால், எந்த ரயிலானாலும் இன்ஜின் ஒன்றுதான்.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பல வட்டங்கள் தாமாகவே மறைந்துவிடும். ‘டஸ் ஹீ கோஸ்?’ ஏன் தவறு? ‘டஸ்’ முதல் வினை. ‘எஸ்’ அங்கே ஏறியாயிற்று. ‘கோ’வுக்கு இனி அது தேவையில்லை. ‘டிட் ஹீ வென்ட்?’ ஏன் தவறு? இறந்தகாலம் ‘டிட்’டில் வந்துவிட்டது. ‘ஹீ ஹாஸ் கோஸ்’, ‘ஹீ இஸ் கோ’ எல்லாமே இரண்டு இன்ஜின் பூட்டிய ரயிலாகவோ, எச்சமாக மாறாத பெட்டியைக் கோத்த ரயிலாகவோதான் இருக்கும். ஐந்து தனித்தனி விதிகளாக ஐந்து வருடம் சொல்லிக்கொடுக்கப்படுவது, ஒரே விதியின் ஐந்து முகங்கள்.

‘ஹீ கேன் கோ’ என்பதில் மட்டும் ‘கேன்’ ஏன் ‘எஸ்’ ஏற்பதில்லை என்று புத்திசாலிக் குழந்தை கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். ‘கேன்’, ‘மே’, ‘ஷல்’ போன்றவை பழங்காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து, பிறகு நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்தவை. ஆங்கில இறந்தகால வினை ‘எஸ்’ ஏற்காது. ‘ஹீ கேம்’ என்போமே தவிர ‘ஹீ கேம்ஸ்’ என்பதில்லை. அந்தப் பழக்கம் அவற்றை விட்டுப் போகவில்லை.

இந்திய மொழிகளின் வரிசையில்

எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும் பழக்கத்தை ஆங்கிலத்தின் விசித்திரம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்திய மொழிகளோடு ஒப்பிட்டால் ஆங்கிலம் இந்த விஷயத்தில் பரம சாது. இந்தியில் ‘லட்கா ஜாதா ஹை’, ‘லட்கி ஜாதி ஹை’ என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வினை மாறும். அதுமட்டுமல்ல, இறந்தகாலத்தில் செயப்படுபொருள் சில சமயம் எழுவாயின் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். ‘ராம் நே ரோட்டி காயீ’ என்பதில் சாப்பிட்டவன் ஆண். ஆனால், ரொட்டி பெண்பால் என்பதால் வினையும் பெண்பாலாகிவிடுகிறது. டெல்லிக்குக் குடிபோன தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் ஆயுள் முழுக்கத் தடுமாறுவதும், தெருவில் விளையாடும் அவர்கள் பிள்ளைகள் ஆறே மாதத்தில் தாண்டிப்போவதும் இந்த இடத்தில்தான்.

வங்காளியில் ‘அவன்’, ‘அவள்’ வேறுபாடு வினையில் இல்லை. ஒருமை, பன்மையும் இல்லை. இடமும் மரியாதையும் மட்டுமே தெரியும். மலையாளம் எல்லாவற்றையும் உதறிவிட்டது: ‘ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு’ என்று யாருக்கும் ஒரே வினை. தமிழ் ஒரு கோடியில், மலையாளம் மறு கோடியில். ஆங்கிலம் கிட்டத்தட்ட மலையாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ‘பீ’ வினையை ஒதுக்கிவிட்டால், இயைபு என்று அங்கே மிஞ்சுவது நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் வரும் அந்த ஒற்றை ‘எஸ்’தான்.

இதுவும் ஒரு பெரிய மாளிகையின் இடிபாடு. பழைய ஆங்கிலத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை, பன்மைக்கு ஏற்ப வினை மாறியது. முன்னிலை ஒருமைக்கு ‘தௌ’ என்று ஒரு சொல் இருந்தது, நம் ‘நீ’. அதற்கு வினையில் தனி விகுதியும் உண்டு. ‘யூ’ என்பது பன்மை, நம் ‘நீங்கள்’. மரியாதைக்காக ஒருவரையே ‘யூ’ என்று அழைக்கும் வழக்கம் பரவிப் பரவி, கடைசியில் ‘தௌ’ அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. எதிரே நிற்பவர் ஒரே ஆளாக இருந்தாலும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை போடுவதன் ரகசியம் இதுதான். ‘நீங்கள் வருகிறீர்கள்’ என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லும் தமிழ்க் குழந்தைக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும்.

படர்க்கை ஒருமைக்குத் தென் இங்கிலாந்தில் ‘எத்’ என்ற விகுதி இருந்தது. வடக்கிலிருந்து வந்த ‘எஸ்’ மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் கலந்து வரும். 1611-ல் வெளியான ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பு பழைய ‘எத்’தையே பின்பற்றியது. மற்ற விகுதிகள் உதிர்ந்தபின் ‘எஸ்’ மட்டும் தனிமரமாக நிற்கிறது. பொருளுக்கு அது அவசியமே இல்லை; ‘ஹீ’ என்றதுமே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. குழந்தைகள் அதை விட்டுவிடுவதற்கு முக்கியமான காரணமும் இதுதான்.

பிழை பிறக்கும் இடம்

பிழைகள் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு. ‘ஹீ டோன்ட் நோ’ என்று தமிழ்ப் பிள்ளை சொல்வதைக் கவனியுங்கள். ‘நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை.’ எதிர்மறை என்று வந்ததும் நம் ‘இல்லை’ யாருக்கும் மாறுவதில்லை. உடன்பாட்டில் அத்தனை நுணுக்கம் காட்டும் தமிழ், எதிர்மறையில் மலையாளமாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளை ‘டோன்ட்’ என்ற ஒன்றையே எல்லோருக்கும் போடுகிறது.

‘ஹீ டீச்சர்’ என்று ‘இஸ்’ இல்லாமல் சொல்வது ஏன்? ‘அவர் ஆசிரியர்’ என்பதில் வினையே இல்லை. தமிழுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. ‘இஸ்’ஸை விட்டதற்காகப் பலமுறை திட்டு வாங்கிய பிள்ளை, பிறகு எங்கும் ‘இஸ்’ஸைத் தூவத் தொடங்குகிறது. ‘ஹீ இஸ் கோ’ அப்படிப் பிறந்ததுதான். ‘மை ஃபாதர் ஆர் கமிங்’ என்று எழுதும் பிள்ளை இலக்கணம் தெரியாதது அல்ல, மரியாதை தெரிந்தது. ‘அப்பா வருகிறார்’ என்பதன் ‘ஆர்’ விகுதி பலர்பாலுக்கு உரியது. இந்தியிலும் ‘பிதாஜி ஆ ரஹே ஹைங்’ என்று பன்மைதான். ஆங்கிலத்தில் அந்த மரியாதை படர்க்கைக்கு நீளவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

‘ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்பதும் இந்த ரகம். தமிழில் ‘நேற்று அவர் வந்திருக்கிறார், நான் வீட்டில் இல்லை’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘இரு’ சேர்ந்த வினையோடு ‘நேற்று’ சண்டை போடுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ சேர்ந்த நிகழ்கால முற்றுவினை இன்றோடு கட்டுண்டது. முடிந்துபோன நேற்றைக் குறிப்பிட்டால் ‘ஐ சா ஹிம்’ என்று சாதாரண இறந்தகாலத்துக்கு இறங்கிவிட வேண்டும். இரண்டு மொழிகளின் எல்லைக்கோடு எங்கே விலகுகிறது என்று காட்டினால் பிள்ளை ஒரே முறையில் பிடித்துக்கொள்ளும். ‘பிரசென்ட் பர்ஃபெக்ட்’ என்ற பெயரை நூறு முறை ஒப்பித்தாலும் அது விளங்காது.

நாடறிந்த கேலிப்பொருள் ‘ஐ ஆம் நோயிங்’. இதற்குத் தமிழை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ‘எனக்குத் தெரியும்’ என்போமே தவிர ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தத் தமிழனும் சொல்வதில்லை. ‘மே ஜான்தா ஹூங்’ என்ற இந்தியில் ‘ஹூங்’ ஒட்டிக்கொண்டு நிற்பது வடக்கே ஒரு காரணமாக இருக்கலாம். வகுப்பறைக்கும் இதில் பங்கு உண்டு. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குச் சொல்லித்தர, பனிப்பந்துபோல் உருண்டு பெருகியதால் ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்றே அந்தத் திட்டத்துக்குப் பெயர். வாக்கிய அமைப்புகளைச் செய்து காட்டிப் பழக்குவது அந்த முறையின் உயிர். ‘ஐ ஆம் ஓபனிங் தி டோர்’ என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறப்பது வகுப்பில் எளிது. ‘ஐ நோ’ என்பதை நடித்துக் காட்ட முடியாது. செய்து காட்டக்கூடிய தொடர்வினை முதலில் வந்து மனதில் ஆழப் பதிந்தது; நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு அது பொருந்தாது என்ற செய்தி பிறகு வந்தது, அல்லது வரவேயில்லை.

சொந்த வீட்டிலும் அதே வழு

எழுவாயும் வினையும் இசையாமல் போவதற்குத் தமிழ் இலக்கணம் ‘வழு’ என்று பெயர் வைத்திருக்கிறது. திணை வழு, பால் வழு, இட வழு, கால வழு என்று தொல்காப்பிய மரபு அவற்றை வகைப்படுத்தியது. ‘மாடுகள் மேய்ந்தது’, ‘பறவைகள் பறந்தது’ என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. பெரியவர்களும் எழுதுகிறார்கள். பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினை கிடையாது என்பதுதான் காரணம். ‘மேய்ந்தன’ என்பதை நாமும் பள்ளிக்கூடத்தில்தான் கற்றோம். தமிழாசிரியர் ‘மேய்ந்தது’வைத் திருத்துவதும் அடுத்த பீரியடில் ஆங்கில ஆசிரியர் ‘கோ’வைத் திருத்துவதும் ஒரே பாடம். இருவரும் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வேறு சொற்கள் புகுந்தால் வழு இன்னும் சுலபமாக நேரும். ‘தி பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ் ஆர் ஹை’ என்பது பத்தாம் வகுப்பின் நிரந்தரப் பிழை. தமிழில் ‘தக்காளிகளின் விலை’ என்னும்போது விலை, வினைக்கு அருகே வந்து நிற்கிறது. ‘விலை கூடியிருக்கின்றன’ என்று யாருக்கும் வாய் வராது. ஆங்கிலத்தில் வரிசை புரண்டு, வினைக்கு அருகே தக்காளி நிற்கிறது. அருகே நிற்பவரை எஜமான் என்று நினைத்து வினை ஏமாந்துபோகிறது. ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்’ என்பதற்குப் பின் ‘ஆர்’ வருவதும் இந்த ஏமாற்றம்தான். எது கூடியிருக்கிறது, யார் வருகிறார் என்று தமிழில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் எஜமான் யாரென்று தெரிந்துவிடும்.

வழுவை இலக்கணமே மன்னித்து ஏற்கும் இடங்களும் உண்டு. அதற்கு வழுவமைதி என்று பெயர். ஆசையாக வளர்த்த பசுவைக் காட்டி ‘என் அம்மா வந்துவிட்டாள்’ என்றால் திணை மாறியும் பிழையில்லை. கிளம்பாமலேயே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறோம். காலம் மாறியும் பிழையில்லை. ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. ‘கமிட்டி’ ஒன்றுதான் என்றாலும் அதன் உறுப்பினர்களை மனதில் வைத்து ‘ஆர்’ போடுவதைப் பிரிட்டிஷ் ஆங்கிலம் அனுமதிக்கிறது. நாளைப் புறப்படும் ரயிலுக்கு ‘தி டிரெய்ன் லீவ்ஸ் டுமாரோ’ என்று நிகழ்காலம் போடுகிறார்கள். நாமும் ‘நாளை ஆறு மணிக்கு ரயில் புறப்படுகிறது’ என்றுதானே சொல்கிறோம்?

அடங்காத வினைகள்

வினையின் வகைகளும் இந்தப் பழைய அறிவின்மேல் ஏறி நிற்கக்கூடியவையே. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாவினை என்று தமிழ் வகுப்பில் படித்ததைத்தான் ஆங்கில வகுப்பில் ‘இன்டிரான்சிட்டிவ்’, ‘டிரான்சிட்டிவ்’ என்கிறார்கள். வேறுபாடு எங்கே என்றால், தமிழ் பெரும்பாலும் இரண்டுக்கும் இரண்டு வடிவம் வைத்திருக்கிறது: கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். ஆங்கிலம் இரண்டு இடத்திலும் ‘புரோக்’ என்ற ஒன்றையே போட்டுச் சமாளிக்கிறது. இன்னொரு சிக்கல், எந்த வினை செயப்படுபொருளை நேராக ஏற்கும் என்பது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற நினைவில் ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ என்று எழுதுகிறோம். ‘டிஸ்கஸ்’ குன்றாவினை, அதற்கு நடுவில் ‘அபௌட்’ என்ற தரகர் வேண்டாம்.

விதிக்கு அடங்காத வினைகள்தான் அடுத்த பூதம். ‘கோ, வென்ட், கான்’ என்று பட்டியல் பட்டியலாக உருப்போட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட வினைகள் சுமார் 200. ஆனால், அதிகம் புழங்கும் முதல் பத்து வினைகளுமே இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. அதிகம் புழங்குவதால்தான் அவை பழைய உருவத்தைக் காப்பாற்றிக்கொண்டன. புழங்காதவை ‘ஈடி’ விகுதிக்குப் பணிந்துவிட்டன. ‘வென்ட்’ என்பது ‘கோ’வின் பிள்ளையே அல்ல; ‘வென்ட்’ என்று டகரம் மெலிந்து ஒலிக்கும் வேறொரு பழைய வினையின் இறந்தகாலம், இங்கே வளர்ப்புப் பிள்ளையாக வந்து சேர்ந்தது.

இதற்கு அஞ்சும் தமிழ்ப் பிள்ளை தன் வாயைத் தானே கவனிக்கட்டும். பாடு, பாடினான், ஆனால் போடு, போட்டான். கூடு, கூடினான், ஆனால் விடு, விட்டான். நில், நின்றான், கல், கற்றான், கேள், கேட்டான், சா, செத்தான். வெளிநாட்டார் தமிழ் கற்பதற்காக 19-ம் நூற்றாண்டில் ஜெர்மானியரான கார்ல் கிரவுல் தமிழ் வினைகளை ஏழு வகுப்பாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளை ஒரு வகுப்பையும் படிக்காமல் ஏழிலும் தேறியிருக்கிறது. புதிய சொல் வந்தால் தமிழ் ‘பண்ணு’ என்று ஒட்டிக்கொள்கிறது: டைப் பண்ணினான், போன் பண்ணினான். ஆங்கிலம் ‘ஈடி’ ஒட்டிக்கொள்கிறது. எந்த மொழியும் புது விருந்தாளிக்குப் பழைய ஒழுங்கின்மையைக் கொடுப்பதில்லை.

அவசரப்படாத வகுப்பறை

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து 1973-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கவனித்த 14 இலக்கணக் கூறுகளில் ‘இங்’ முதலில் வந்தது. படர்க்கை ஒருமை ‘எஸ்’ பத்தாவது இடத்தில், வெகு தாமதமாக வந்தது. அடுத்த ஆண்டே ஹைடி டூலே, மரினா பர்ட் இருவரும் ஸ்பானிஷ், சீனம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்து, அவர்களிடமும் ‘எஸ்’ பின்வரிசையில் நிற்பதைக் கண்டார்கள். ஆங்கிலேயக் குழந்தைக்கே தாமதமாக வருவதை, வாரத்துக்குச் சில பீரியடு மட்டும் ஆங்கிலம் கேட்கும் குழந்தை ஐந்தாம் வகுப்பிலேயே தந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

இதற்கு மாற்று தேடிய முயற்சி ஒன்று நம் மண்ணிலேயே நடந்தது. 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் சில பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய திட்டம் அது. இலக்கணப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் புதிர்களை அவிழ்க்கவிட்டார்கள். ரயில் எப்போது புறப்படுகிறது, எப்போது சேருகிறது என்று கண்டுபிடிக்கும் அவசரத்தில் மொழி தானே படியும் என்பது நம்பிக்கை. பின்னர் நடந்த மதிப்பீட்டில், வாக்கிய அமைப்பை நேரடியாகச் சோதிக்கும் தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள்; மொழியைப் பயன்படுத்தும் தேர்வுகளில் புதிய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்றும் இந்தத் திட்டத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

இரண்டு தேர்வுகளின் முடிவும் சேர்ந்து சொல்வது, பயன்பாடும் வேண்டும், விதியும் வேண்டும் என்பதையே. அந்த விதியைக் குழந்தைக்குத் தெரிந்த மொழியில் சொன்னால் என்ன? தாய்மொழியை வகுப்பறையின் சுமையாகப் பார்க்காமல் வளமாகப் பார்க்க வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கூறியது. குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை இயன்ற இடங்களில் தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. கொள்கைகளைப் பற்றிய அரசியல் சச்சரவுகள் ஒருபுறம் இருக்கட்டும். ஆங்கில வகுப்பில் தமிழில் பேசினால் அபராதம் என்ற பலகை தொங்கும் பள்ளிகள், பிள்ளையின் கையிலிருக்கும் ஒரே சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கதவைத் திறக்கச் சொல்கின்றன என்பதில் சச்சரவுக்கு இடமில்லை.

பெற்றோர் இதற்கு ஆங்கில மேதைகளாக இருக்க வேண்டியதில்லை. ‘அவன் போகிறான், அவர்கள் போகிறார்கள், அது போகிறது’ என்று ஒரு தாளில் எழுதி, மாறும் எழுத்துகளின்கீழ் கோடு போடச் சொல்லுங்கள். ‘வந்துகொண்டிருக்கிறாள்’ என்பதை எழுதி, ஆளுக்கு ஏற்ப எந்தப் பகுதி மாறும் என்று கேளுங்கள். பிறகு ஆங்கிலத்தில் எந்தப் பகுதி மாறுகிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். அந்தப் பிழை எந்த ஊரிலிருந்து வந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘எஸ்’ வருவதற்குக் கொஞ்ச காலம் ஆகும். வரும்வரை அந்தப் பிள்ளை பேசிக்கொண்டே இருக்க வேண்டும், எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பிழையோடு பேசும் பிள்ளையைத் திருத்திவிடலாம். ‘எனக்கு வராது’ என்று வாயை மூடிக்கொண்ட பிள்ளையைத் திருத்த எந்த இலக்கணத்திலும் விதி இல்லை.